மதிலழகு எங்கே இருக்கிறது?

“திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, திருவிரிஞ்சை மதிலழகு.” வேலூர்ப் பக்கம் பிறந்தவர்கள் இந்த வரியை எப்போதாவது கேட்டிருப்பார்கள். திருவிரிஞ்சை என்பது விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் கொண்ட ஊர். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, கார்த்திகைக் கடைஞாயிற்றுக்குத் தாத்தா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ராஜகோபுரத்தைக் காட்டவில்லை. நிழலைப் பார்த்து நேரம் சொல்லும் கல்லையும் காட்டவில்லை. முதலில் மதிலோரமாக நடக்கவைத்தார். “சுவத்துல என்ன தாத்தா அழகு?” என்று கேட்டேன். “கோபுரம் எந்த ஊர்லடா இல்ல? இந்த மாதிரி மதிலு எங்க இருக்கு, சொல்லு” என்றார்.

அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்று அப்போதே தோன்றியது. அழகான ஒன்றைக் காட்டினார். அது ஏன் அழகு என்று சொல்லவில்லை. பல வருஷம் கழித்து, இதே இடத்தில் இதே மாதிரி இரண்டு பேர் முட்டிக்கொண்டு நின்றதைப் படித்தேன். ஒருவர் சாக்ரடீஸ், இன்னொருவர் ஹிப்பியாஸ். பிளேட்டோ எழுதிய உரையாடல் அது. ஏறத்தாழ 2,400 வருஷம் பழசு.

ஹிப்பியாஸ் ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லிப் பணம் சேர்த்தவர். ஒலிம்பியாவுக்குப் போனபோது உடுத்தியிருந்த துணி, விரலிலிருந்த மோதிரம், காலிலிருந்த செருப்பு எல்லாம் அவரே செய்தவை என்று பிளேட்டோ இன்னொரு இடத்தில் எழுதுகிறார். அப்படிக் கைத்திறமை உள்ளவரிடம் சாக்ரடீஸ் கேட்கிறார்: அழகு என்றால் என்ன? ஹிப்பியாஸ் யோசிக்கவே இல்லை. “அழகான பெண்தான் அழகு” என்கிறார். சரி, அழகான குதிரை? அதுவும்தான். அழகான யாழ்? அதுவும். அழகான பானை?

பானை என்றதும் ஹிப்பியாஸுக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு பெரிய விஷயத்தில் பானையைக் கொண்டுவரும் நாகரிகமற்ற ஆள் யார் என்கிறார். சாக்ரடீஸ் விடுவதில்லை. வழவழவென்று உருண்டையாக, நன்றாகச் சுட்டெடுத்த, இரண்டு கைப்பிடி வைத்த பானை இருக்கிறதே, அதை அழகில்லை என்று எப்படிச் சொல்வது? காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் மண்பாண்டம் செய்பவர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தை விரலால் தட்டி, வரும் ஓசையிலேயே அது நன்றாக வெந்ததா, விரிசல் விட்டதா என்று சொல்லிவிடுகிற கைகள் அவை.

அடுத்து ஹிப்பியாஸ், தங்கம்தான் அழகு என்கிறார். எதில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும். அப்படியானால் ஏதென்ஸின் பெரிய அதீனா சிலையில் முகத்தையும் கை கால்களையும் சிற்பி பீடியாஸ் ஏன் தங்கத்தில் செய்யாமல் தந்தத்தில் செய்தான் என்று கேட்கிறார் சாக்ரடீஸ். பொருத்தமான இடத்தில் தந்தமும் அழகுதான் என்று ஹிப்பியாஸ் இறங்கிவருகிறார். அங்கேதான் கரண்டி வருகிறது. அடுப்பில் பருப்புக் கஞ்சி கொதிக்கிறது. அதைக் கிளறப் பொருத்தமானது தங்கக் கரண்டியா, அத்திமரக் கரண்டியா?

இந்தக் கேள்விக்கு எங்கள் பாட்டி நொடியில் பதில் சொல்லியிருப்பார். வடாற்காட்டில் கேழ்வரகுக் களி கிண்டாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு துடுப்புக் கட்டை இருந்தது. கைபட்டுக் கைபட்டுப் பிடி கறுத்து மினுமினுக்கும். முனை தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாட்டி வலது கையால் அழுத்திக் கிண்டியே வந்த சாய்வு அது. மாவு கட்டி தட்டாமல் இருக்க மண்சட்டியின் அடிவரை போய் அழுத்த வேண்டும். உலோகம் என்றால் சட்டி தாங்காது. சாக்ரடீஸ் சொல்லும் காரணமும் இதேதான்: தங்கக் கரண்டி பட்டால் சட்டி உடையும், கஞ்சி கொட்டும், அடுப்பு அணையும், வீட்டில் எல்லோரும் பட்டினி. மரக்கரண்டியோ கஞ்சிக்கு ஒரு மணத்தையும் தரும். அப்படியானால் தங்கத்தைவிட மரம் அழகு.

பொருத்தமே அழகு என்ற இந்தக் கருத்து கிரேக்கர்களிடம் ஆழமாக ஓடியது. சாக்ரடீஸின் இன்னொரு மாணவர் செனபோன் எழுதியதில், அது இன்னும் பச்சையாக வருகிறது. சாணி அள்ளும் கூடைகூட அழகா என்று ஒருவன் கேட்கிறான். ஆமாம் என்கிறார் சாக்ரடீஸ். அதன் வேலைக்கு அது சரியாகச் செய்யப்பட்டிருந்து, தங்கக் கேடயம் அதன் வேலைக்குத் தப்பாகச் செய்யப்பட்டிருந்தால், கூடை அழகு, கேடயம் அசிங்கம். குளிர்காலத்தில் வெயில் உள்ளே விழுந்து, கோடையில் நிழல் தரும் வீடே அழகான வீடு என்றும் சொல்கிறார். கத்திரி வெயிலில் வேலூரில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தமிழில் இந்தக் கருத்து நம் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. “இது உனக்கு அழகா?” என்று திட்டுகிறோம். முகத்தையா சொல்கிறோம்? இல்லை, செய்கையைச் சொல்கிறோம். ‘வெற்றிவேற்கை’யில் அதிவீரராம பாண்டியர் வரிசையாக அடுக்குகிறார்: “கல்விக்கு அழகு கசடற மொழிதல்”, “செல்வர்க்கு அழகு செழுங்கிளை தாங்குதல்”. ஒவ்வொன்றிலும் ‘கு’ இருப்பதைப் பாருங்கள். தமிழில் அழகு தனியாக நிற்க விரும்புவதில்லை. இன்னதற்கு, இன்னாருக்கு என்று நான்காம் வேற்றுமையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கிரேக்கச் சொல்லான ‘கலோன்’ அழகையும் நற்செய்கையையும் சேர்த்தே குறிக்கும். சாக்ரடீஸின் கேள்விகள் பானையிலிருந்து நடத்தைக்கு எளிதாகத் தாவுவது அதனால்தான். அவர் ‘அழகு என்றால் என்ன?’ என்று கேட்டார். நம் வழக்கு ‘எதற்கு அழகு?’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வி அதிக விவேகமானது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை அசைத்தது வேலூர்க் கோட்டை.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சொல்பவர்கள் அறியாமலே பேசும் பொருத்தத் தத்துவம் அது. ஆற்றுக்கு அழகு நீர், கோட்டைக்கு அழகு அரசன், கோயிலுக்கு அழகு சாமி. அது இல்லையென்றால் இதுவும் இல்லை. “ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்” என்று ஔவையார் நல்வழியில் சொன்னதும் இந்தக் கணக்குதான். பாலாற்று மணலைப் பார்க்கும்போது அந்த வரி வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் சாமி இல்லாத கோயில் என்ற இடத்தில் கணக்கு உதைக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறையாக வழிபாடு இல்லாமல் இருந்தது. 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு முன்னால், அந்த நீண்ட வெறுமைக் காலத்திலும், கல்யாண மண்டபம் அங்கேயே நின்றது. முன்னங்கால் தூக்கிய குதிரைகள், யாளிகள், அவற்றின் மேல் சவாரி செய்பவர்கள்; கல்லுக்குள்ளிருந்து இன்னும் வெளியே வந்துகொண்டிருப்பதுபோல் தூண்கள். கல்யாணம் நடக்காத கல்யாண மண்டபம், சாமி இல்லாத கோயில். பொருத்தக் கணக்குப்படி அது உடைந்த கரண்டி. ஆனால் வெள்ளைக்காரர்கள் அதை அப்படியே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள், கப்பல்தான் வந்து சேரவில்லை என்று ஊரில் இன்னும் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ போகட்டும். வேலை நின்ற பிறகும் அழகு நிற்கவில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

சாக்ரடீஸும் இந்த ஓட்டையைப் பார்த்தவர்தான். பொருத்தம் ஒன்றை அழகாக ஆக்குகிறதா, அழகாகத் தோன்ற மட்டும் வைக்கிறதா என்று ஹிப்பியாஸைக் கேட்கிறார். சுமாரான ஆள் நல்ல சட்டை போட்டால் அழகாகத் தெரிகிறான், ஆகிவிட்டானா? அங்கே அந்தப் பதிலும் விழுந்துவிடுகிறது. செனபோன் சொல்லும் விருந்து ஒன்றில் சாக்ரடீஸ் இன்னும் ஒரு படி போகிறார். கிரிட்டோபுலஸ் என்ற அழகான இளைஞனுக்கும் தனக்கும் அழகுப் போட்டி வைக்கச் சொல்லி வாதாடுகிறார். என் கண் பிதுங்கியிருப்பதால் பக்கவாட்டிலும் பார்க்கும். என் மூக்கு அகன்று மேல்நோக்கி இருப்பதால் எல்லாப் பக்க வாசனையும் வரும். ஆகவே என் கண்ணும் மூக்குமே அழகு. வாதத்துக்கு மறுமொழி சொல்ல அந்தப் பையனால் முடியவில்லை. ஓட்டெடுப்பில் எல்லா ஓட்டும் அவனுக்கே விழுந்தன.

அடுத்த பெரிய பதில் அளவு. இதைத் தொடங்கியவர்கள் பித்தகோரஸ் வழியினர். ஒரு தந்தியைச் சரிபாதியாக நிறுத்தி மீட்டினால் அதே சுரம் மேல்ஸ்தாயியில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்கு என்றால் ‘ச’வுக்கு ‘ப’. நான்கில் மூன்று என்றால் ‘ம’. காதுக்கு இனிப்பது எண்ணாக மாறியதைக் கண்டு அவர்கள் மிரண்டுபோனார்கள். உலகமே எண்தான் என்று சொல்லும் அளவுக்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாலிகிளெட்டஸ் என்ற சிற்பி இதை உடம்புக்குக் கொண்டுவந்தான். விரலுக்கு விரல், விரல்களுக்கு உள்ளங்கை, கைக்கு முழங்கை என்று ஒவ்வோர் உறுப்பும் மற்றதோடு கொள்ளும் விகிதத்தில்தான் அழகு என்று நூல் எழுதி, அதன்படி ஒரு சிலையும் செய்து வைத்தான்.

நம் ஸ்தபதிகளுக்கு இது புதிதல்ல. தாளம், அங்குலம் என்று அவர்கள் கையில் இருக்கும் கணக்கும் இதுதான். முகத்தின் நீளம் ஒரு தாளம், அது 12 அங்குலம். உத்தம தச தாளம் என்றால் உருவம் முழுக்க 124 அங்குலம். அந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்தந்தச் சிலைக்குள்ளேயே பிறக்கும் அங்குலம். சிலை கட்டை விரல் உயரமோ கோபுர உயரமோ, கணக்கு மாறாது. பாலிகிளெட்டஸும் நம் ஊர் ஸ்தபதியும் சந்தித்திருந்தால் பாஷை தெரியாமலே நூல்பிடித்துப் பேசியிருப்பார்கள்.

சுக்ரநீதி என்ற வடமொழி நூலில் ஒரு சுலோகம் இந்தத் தகராறை இரண்டே வரியில் வைக்கிறது. சாஸ்திர அளவுப்படி அமைந்ததே அழகு, மற்றது அழகில்லை என்கிறது முதல் வரி. யாருடைய மனம் எதில் ஒட்டிக்கொள்கிறதோ அதுவே அழகு என்பது சிலரின் கட்சி என்கிறது அடுத்த வரி. அந்தச் ‘சிலர்’ யார் என்று அது சொல்வதில்லை. அழகைப் பற்றிய சண்டை முழுக்க இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

அரிஸ்டாட்டில் அளவோடு இன்னொன்றைச் சேர்த்தார்: பருமன். அழகுக்கு ஒழுங்கும் வேண்டும், தகுந்த பருமனும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிரில் அழகைப் பார்க்க முடியாது. ஆயிரம் மைல் நீளத்துக்கு ஒரு விலங்கு இருந்தாலும் முடியாது. ஒரு பார்வையில் முழுசாக அடங்காதே. கண்ணுக்கு அடங்குவது போல நாடகக்கதை நினைவுக்கு அடங்க வேண்டும் என்று சொல்லத்தான் அவர் இந்த உதாரணத்தை எடுத்தார். ஆனால் எனக்கு இதைப் படித்ததும் விரிஞ்சிபுரத்து மதில்தான் ஞாபகம் வந்தது. ஒரு பார்வையில் அடங்காமல் இருப்பதுதானே மதிலின் குணம்? நின்று பார்த்தால் ஒரு பக்கம்தான் தெரியும். மூலை திரும்பினால் பார்த்த பக்கம் மறைந்துவிடும். கோபுரத்தைப் பார்க்க நிற்க வேண்டும், மதிலைப் பார்க்க நடக்க வேண்டும். தாத்தா என்னை நடக்கவைத்தது அதற்காகத்தானா என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அளவுத் தத்துவத்தை நேருக்கு நேர் எதிர்த்தவர் புளோட்டினஸ். கி.பி. 3ஆம் நூற்றாண்டு, எகிப்திலிருந்து வந்தவர். பாரசீக, இந்தியத் தத்துவங்களை நேரில் கற்க வேண்டும் என்ற ஆசையில், ரோமச் சக்கரவர்த்தி மூன்றாம் கோர்டியனின் படையோடு கிழக்கே கிளம்பினார் என்று அவருடைய மாணவர் போர்பிரி எழுதியிருக்கிறார். கி.பி. 244-இல் சக்கரவர்த்தி வழியிலேயே செத்துப்போக, புளோட்டினஸ் தப்பிப் பிழைத்து ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தியாவைப் பார்க்கவே இல்லை. அந்தப் பயணம் நடந்திருந்தால் யாரோடெல்லாம் பேசியிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே ஏக்கமாக இருக்கிறது.

அவர் கேட்ட கேள்வி இது. உறுப்புகளின் விகிதம்தான் அழகு என்றால், உறுப்பே இல்லாதது அழகாக இருக்க முடியாதே. சூரிய வெளிச்சத்துக்கு என்ன உறுப்பு? ராத்திரியில் வெட்டும் மின்னலுக்கு? தனியாக ஒலிக்கும் ஒரே சுரத்துக்கு? இன்னொன்றும் கேட்டார்: ஒரே முகம், அளவு இம்மியும் மாறாமலே, ஒரு நேரம் அழகாகத் தெரிகிறது, இன்னொரு நேரம் தெரியவில்லை; ஏன்? உயிர் போன முகத்தில் விகிதங்கள் இன்னும் கலையவில்லை, ஆனால் ஒளி போய்விட்டது, ஏன்? செத்தவர் வீட்டில் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கடைசிக் கேள்வி தெரியும். அளவு அழகைத் தாங்குகிறது, அளவே அழகு இல்லை. அளவின் மேல் ஒன்று வந்து படிகிறது என்பது அவர் முடிவு.

புளோட்டினஸுக்கு 600 வருஷம் பிறகு, 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்கிறார். அவர் பேசுவது கவிதையைப் பற்றி. பெரிய கவிகளின் வாக்கில் சொல்லின் நேர்ப்பொருளுக்கு மேல் இன்னொரு பொருள் மின்னுகிறது. அது பெண்களிடம் தெரிந்த உறுப்புகளைக் கடந்து ஒளிரும் லாவண்யத்தைப் போன்றது என்கிறார். கண் அழகு, மூக்கு அழகு என்று எண்ணி முடித்த பிறகும் எண்ணில் வராமல் மிச்சம் நிற்பதுதான் லாவண்யம். அந்தச் சொல்லின் வேர் ‘லவணம்’, அதாவது உப்பு. அழகுக்கு உப்பு என்று பேர் வைத்த இந்த மூளையை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. உப்பு கண்ணுக்குத் தெரியாது, இலையில் தனிப் பண்டமாக வராது, இல்லாவிட்டால் மட்டும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வள்ளுவரும் ஊடலைச் சொல்லும்போது “உப்பமைந் தற்றால் புலவி” என்று உப்பைத்தான் எடுத்தார். அளவோடு இருந்தால் ருசி, சிறிது மிஞ்சினால் கெட்டது. அளவும் அளவுக்கு மேற்பட்டதும் ஒரே உப்பில் சேர்ந்திருக்கின்றன.

கிரேக்கரும் நம்மவரும் உண்மையில் பிரிகிற இடம் நாக்கு. ஹிப்பியாஸோடு நடந்த உரையாடலின் கடைசியில், கண்ணாலும் காதாலும் வரும் இன்பமே அழகு என்று ஒரு வரையறையைச் சாக்ரடீஸ் வைத்துப் பார்க்கிறார். சாப்பாட்டை இனிமை என்று சொல்லாமல் அழகு என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நாக்கையும் மூக்கையும் வெளியே நிறுத்திவிடுகிறார். பிறகு கண்ணையும் காதையும் மட்டும் சேர்த்ததற்கு நியாயம் சொல்ல முடியாமல் அந்த வரையறையும் தடுமாறுகிறது. நாமும் “பிரியாணி அழகா இருந்தது” என்று சொல்வதில்லைதான். ஆனால் நாட்டிய சாஸ்திரம் நாக்கைக் கொண்டுவந்து நடுக்கூடத்திலேயே உட்காரவைத்தது. கலையின் உயிருக்கு அது கொடுத்த பேர் ரசம். தமிழில் சுவை.

அந்த நூலை எழுதிய பரதர் சொல்லும் உவமை சமையலே. பலவகைப் பண்டங்களும் மூலிகைகளும் சேரும்போது தனித்தனியாக எதிலும் இல்லாத ஒரு சுவை பிறப்பது போல, பல பாவங்கள், அதாவது உணர்ச்சி வெளிப்பாடுகள், கூடும்போது ரசம் பிறக்கிறது. ஆம்பூர் பிரியாணியை நினைத்துக்கொள்ளுங்கள். சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தயிர், கறி. தம் உடைத்ததும் மேலே எழும் வாசனை இந்த நாலில் எதனுடையது? எதனுடையதும் இல்லை. அதோடு பரதர் இன்னொரு வார்த்தையும் போடுகிறார். அந்தச் சுவையை அனுபவிப்பவர்கள் ‘சுமனஸர்’, நல்ல மனம் உள்ளவர்கள். மனம் எங்கோ இருப்பவனுக்கு எந்தப் பிரியாணியும் வெறும் சோறு. அழகு பண்டத்திலும் பாதி, உண்பவனிடமும் பாதி என்று ஆகிவிடுகிறது.

தொல்காப்பியமும் இந்த வழியில்தான் நிற்கிறது. “நகையே அழுகை இளிவரல் மருட்கை அச்சம் பெருமிதம் வெகுளி உவகை” என்று எட்டு மெய்ப்பாடுகள். மெய்ப்பாடு என்றால் உள்ளே நடப்பது உடம்பில் படுவது. எட்டில் இரண்டாவதாக நிற்பது அழுகை என்பதைக் கவனியுங்கள். அழுவதற்காக ஒருவன் ராத்திரி முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருப்பானா? உட்கார்ந்திருப்பான். ஆரணி, செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா சமயம் போய்ப் பாருங்கள்.

ஒரு வருஷம் கர்ண மோட்சம் கூத்து பார்த்தேன். விடியற்காலை நாலு மணி இருக்கும். கர்ணன் கட்டியிருந்தவர் மேலே மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும். ராத்திரி முழுக்க ஆடியதில் முகத்து அரிதாரம் வேர்வையில் கரைந்து கழுத்துவரை கோடு கோடாக இறங்கியிருந்தது. ஒரு பக்கக் கண்ணாடி ஒன்று உதிர்ந்து, அந்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தது. அளவு பார்த்தால் எல்லாம் கலைந்த வேளை அது. அந்த நேரத்தில்தான் அவர் குரலை இறக்கி, மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் பாட்டை எடுத்தார். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கர்ணன் சாகப்போவது அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் பார்க்கிறார். அடுத்த வருஷமும் வருவார்.

இந்தக் கூத்து மண்ணில் பிறந்த ஒருவரே அழகை மேடையேறும் நடிகையாகப் பார்த்தார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. அப்பைய தீட்சிதர், ஆரணிக்குப் பக்கத்தில் அடையபலம் என்ற ஊர்க்காரர், 16ஆம் நூற்றாண்டு. வேலூர்ச் சின்னபொம்ம நாயக்கர் அவரை ஆதரித்து, பொன்னால் அபிஷேகம் செய்தார். அடையபலம் காலகண்டேஸ்வரர் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. பழங்காலத் தத்துவம் என்ற தலைப்புக்குள் அவர் அடங்க மாட்டார், ஆனால் அந்தப் பழைய நூல்களையெல்லாம் நம் ஊரில் உட்கார்ந்து எடைபோட்டவர். ‘சித்திர மீமாம்சை’யில் அவர் சொல்கிறார்: உவமை என்ற ஒரே நடிகை, பலப்பல வேஷம் கட்டி, காவியம் என்ற அரங்கில் ஆடி, அறிந்தவர் மனத்தை மகிழ்விக்கிறாள். அணி எத்தனை வகை இருந்தாலும் உள்ளே இருப்பவள் ஒருத்தி. அறிந்தவர் மனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பரதரின் நல்ல மனம் அங்கே திரும்ப வந்திருக்கிறது.

உள்ளத்து அழகே அழகு என்ற கட்சி தனி. பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நூலில் டியோட்டிமா என்ற பெண் ஓர் ஏணி காட்டுகிறாள்: ஓர் உடலின் அழகு, எல்லா உடல்களின் அழகு, உள்ளத்தின் அழகு, முறைமைகளின் அழகு, அறிவின் அழகு, கடைசியில் பிறப்பும் தேய்வும் இல்லாத அழகு. நாலடியாரும் படிப்படியாகத்தான் தள்ளுகிறது:

“குஞ்சி அழகும் கொடுந்தானைக் கோட்டழகும்
மஞ்சள் அழகும் அழகல்ல - நெஞ்சத்து
நல்லம்யாம் என்னும் நடுவு நிலைமையால்
கல்வி அழகே அழகு.”

சமண முனிவர்கள் பாடியவை என்று சொல்லப்படும் பாட்டுகள் இவை. வள்ளிமலைக் குன்றில் இன்றும் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடையில்லை, நகையில்லை. அந்த உருவங்களுக்கு முன் நின்றால் இந்தப் பாட்டு பொய்யில்லை என்று தெரியும். ஆனாலும் மேல்படிக்குப் போக மஞ்சளை அழகில்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டுமா? எனக்கு மனம் வரவில்லை. வள்ளுவரின் வழி எனக்கு நெருக்கம்: “கண்ணிற்கு அணிகலம் கண்ணோட்டம்.” கண்ணைவிட்டு எங்கும் ஏறிப் போகவில்லை. கண்ணுக்கு என்ற ‘கு’வும் அங்கேயே இருக்கிறது, கண்ணில் மேலே வந்து படிகிற ஒளியும் அங்கேயே இருக்கிறது.

போன தை மாசம் மறுபடியும் விரிஞ்சிபுரம் போனேன். சாயங்காலம் ஐந்தரை மணி. தெற்கு மதிலோரம் மேற்கிலிருந்து வெயில் சாய்வாக, கல்லை உரசிக்கொண்டே வந்தது. பகலில் சமமாகத் தெரிந்த கல்லில் உளி விட்ட பள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சின்ன நிழல். ஒரே கை, ஒரே சாய்வில், இடது பக்கமாகவே கொத்திக்கொண்டு போன தடம். பாட்டியின் துடுப்பில் இருந்த சாய்வு ஞாபகம் வந்தது. பத்து நிமிஷம் இருக்கும். வெயில் இறங்கியது, பள்ளங்கள் மூடிக்கொண்டன, மதில் மறுபடி மதிலாக நின்றது. கல் நகரவில்லை, அளவு மாறவில்லை. மூலை திரும்பி அடுத்த பக்கத்தைப் பார்க்க நடந்தேன்.